விடுமுறை நாள்களின் வீரர்

சென்ற மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, நமது சங்கத்தின் வாசகசாலையில் பத்திரிகைகளைப் புரட்டிக்கொண்டிருந்தோம். அப்போது நம் அலுவலகத்து நண்பர் ஒருவர் தம் புதல்வனுடன் உள்ளே வந்தார். நண்பர் நம்மினும் மூத்தவர். கணக்குப் பிரிவில் நமக்கு எதிர் மேசைக்காரர். பையனுக்குப் பதினாறு பிராயம். ரயில்வே குடியிருப்பின் மைதானத்தில் அவன் லெக் பிரேக் பந்து வீசுவதை நாம் பன்முறை கண்டதுண்டு. பந்து தரையில் பட்டபின் திரும்பும் விதத்தைக் கண்டு, வேடிக்கை பார்க்க நின்ற பால்காரர்கூடச் சைக்கிளைச் சாய்த்துவிட்டு நின்றதுண்டு. அவனுக்கு ஜில்லா அணியின் பயிற்சி முகாமுக்கு அழைப்பு வந்திருக்கிறது. முகாம் நடக்கும் வாரங்களும் பள்ளியின் முன்தேர்வு நடக்கும் வாரங்களும் ஒன்றே.

"நீங்களே சொல்லுங்கள் சார். சொந்த ஊரை விட்டு இவ்வளவு தூரம் வந்து உட்கார்ந்திருப்பது இவன் படிப்புக்காகத்தானே? பந்தை உருட்டினால் சோறு வருமா?" என்றார் நண்பர்.

பையன் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். சற்றுப் பொறுத்து, "மாமா, உத்தியோகமும் பார்த்துக்கொண்டு பெரிய ஆட்டமும் ஆடினவர் யாராவது உண்டா?" என்று கேட்டான்.

உண்டு என்றோம். ரயில்வே இன்ஸ்டிடியூட் நூலகத்திலுள்ள பழைய கிரிக்கெட் ஆண்டுமலர்களில் நாம் அடிக்கடி தேடிப் படிக்கும் பெயர் ஒன்று அப்போது நினைவுக்கு வந்தது. அன்று அவனுக்குச் சுருக்கமாகச் சொன்னதை, நம் குடும்பங்களில் இத்தகைய கேள்வி வேறு பலருக்கும் எழக்கூடும் என்பதால், இங்கே சற்று விரிவாக எழுதுகிறோம்.

அவர் பெயர் சார்லஸ் ஸ்டோவெல் மாரியட். ஆங்கிலேயர். 1895-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் 14-ஆம் தேதி லங்காஷயர் பகுதியில் பிறந்து, அயர்லாந்தில் டப்ளின் நகரத்துப் பள்ளியொன்றில் கல்வி பயின்றவர். அவருக்குப் பத்தொன்பது வயது நிரம்பும் தறுவாயில் முதல் உலக மகாயுத்தம் மூண்டது. யுத்தம் முடிந்த பிறகே கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலைக்காகவும் லங்காஷயர் அணிக்காகவும் ஆடத் தொடங்கினார். இக்காலத்துப் பிள்ளைகள் அந்த வயதில் நூறு ஆட்டங்களேனும் ஆடி முடித்திருப்பார்கள்.

பிறகு லண்டனில் டல்லிச் கல்லூரி என்னும் புகழ்பெற்ற பள்ளியில் ஆசிரியராக அமர்ந்தார். கல்லூரி என்று பெயரே தவிர அது பையன்கள் படிக்கும் பள்ளிதான். பாடம் சொல்லிக் கொடுத்ததோடு, அங்கே கிரிக்கெட்டையும் கவனித்துக்கொண்டார். 1924 முதல் 1937 வரை கென்ட் அணிக்கு ஆடினார். ஆயினும் ஆண்டு முழுவதும் ஆடவில்லை. அக்காலத்தில் இங்கிலாந்தில் கிரிக்கெட் பருவம் மே மாதம் தொடங்கி செப்டம்பர் தொடக்கம் வரை நீண்டது. அதில் பெரும்பகுதி பள்ளி நடக்கும் காலம். கோடை விடுமுறை விட்ட பிறகு, ஆகஸ்டு மாதத்தை ஒட்டித்தான் மாரியட் கென்ட் அணியில் தலைகாட்டுவார். பள்ளி திறந்தால் மறுபடி கரும்பலகையும் சுண்ணக்கட்டியும்தான்.

அக்காலத்து ஆங்கிலக் கிரிக்கெட்டில் ஆட்டக்காரர்கள் இரு ஜாதியாகப் பிரிந்திருந்தார்கள் என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். ஊதியம் பெறாமல் ஆடுபவர் அமெச்சூர், அவர் கனவான். கூலி பெற்று ஆடுபவர் புரொபஷனல். ஒரே அணியில் ஆடினாலும் பல மைதானங்களில் உடை மாற்றும் அறை வேறு, மைதானத்துக்குள் இறங்கும் வாயில் வேறு. ஆட்ட விவரம் அச்சிடும்போது கனவானின் பெயரில் முதலெழுத்துகள் முன்னே நிற்கும்; கூலிக்காரருக்குப் பின்னே போகும். சம்பளம் வாங்காத கனவான்களுள் சிலர் வேறு வழிகளில் நல்ல பணம் கண்டார்கள் என்பதும் ஊரறிந்த செய்தி; அவர்களுள் தலையானவர் டாக்டர் கிரேஸ். இந்தப் பாகுபாட்டை 1962 நவம்பரில் ஒழித்தார்கள். அதாவது அந்நாட்டில் ஆட்டக்காரர்கள் எல்லோரும் வெறும் ஆட்டக்காரர்களாக ஆனபோது, நம் நாடு குடியரசாகிப் பன்னிரண்டு ஆண்டுகள் கடந்துவிட்டன.

மாரியட் ஆடிய அதே கென்ட் அணியில் அதே வித்தையை வீசிய இன்னொருவர் இருந்தார். ஃப்ரீமன் என்பது அவர் பெயர். உருவத்தில் குள்ளமானதால் 'டிச்' என்று அழைப்பார்கள். அவர் கூலிக்கு ஆடியவர். 1928-ஆம் ஆண்டில் ஒரே பருவத்தில் 304 விக்கெட்டுகள் எடுத்தார். அந்த எண்ணை அதன்பின் எவரும் எட்டவில்லை. வாழ்நாளில் அவர் எடுத்த விக்கெட்டுகள் 3,776. நாள்தோறும், மழை விட்ட நாளெல்லாம், பந்து வீசுவதே அவர் பிழைப்பு. ஆகஸ்டு வந்ததும் அமெச்சூர் வாத்தியார் ஒருவர் வந்து மறுமுனையில் நின்று அதே லெக் பிரேக்கை வீசுவார். ஒருவருக்கு மதிப்பு உண்டு, நாள் இல்லை. மற்றவருக்கு நாள் உண்டு, மதிப்பு சற்றுக் குறைவு. இவ்விருவரையும் ஒரே மைதானத்தில் கண்ட கென்ட் ரசிகர்களைப் பார்த்து நாம் பொறாமைப்படுகிறோம்.

லெக் பிரேக் என்பது லேசான காரியம் அன்று. மணிக்கட்டை வளைத்து, மோதிர விரலால் பந்தைத் திருகிவிட வேண்டும். வலக்கை ஆட்டக்காரரின் கால் பக்கம் விழும் பந்து அவருடைய மட்டைக்கு வெளியே, ஸ்லிப் பக்கமாகத் திரும்பி ஓடும். அதே கையசைவில் மணிக்கட்டைச் சற்றே மாற்றினால் பந்து திரும்பாமல் நேராகவே விரைந்து எழும்பும். இதுதான் டாப் ஸ்பின். திரும்பும் என்று எண்ணி மட்டையை நீட்டியவர் காலில் வாங்கிக்கொண்டு நடையைக் கட்டுவார். ஆனால் அரை அங்குலம் தவறினாலும் பந்து எல்லைக் கோட்டுக்கு அப்பால் போய்விடும். ஆகவேதான் இவ்வித்தையைக் கற்றவர்களுள் பெரும்பாலோர் ஒரு பந்து அற்புதமாகவும் மறு பந்து அனர்த்தமாகவும் வீசுவார்கள். மாரியட்டின் சிறப்பு அவருடைய துல்லியம். கையைப் பின்புறமாக வீசி, பிறகு உயரத் தூக்கி, சுழற்பந்துக்காரர்களுக்குரிய வேகத்தினும் சற்று மிகுந்த வேகத்தில், ஒரே இடத்தில் மறுபடி மறுபடி விழுமாறு போடுவார். பத்து மாதம் பள்ளியில் இருந்துவிட்டு ஆகஸ்டில் வந்து நிற்பவருக்கு அந்தத் துல்லியம் எங்கிருந்து வந்தது என்று நாம் யோசித்ததுண்டு. பள்ளி மைதானத்தில் பையன்களோடு பையனாக நின்ற மாலைகள்தாம் அதற்குக் காரணமாயிருக்கும் என்பது நம் எண்ணம்.

அவருக்கு மட்டை பிடிக்கத் தெரியாது என்பதையும் மறைக்கக் கூடாது. முதல்தர ஆட்டங்களில் அவர் எடுத்த விக்கெட்டுகள் 711. எடுத்த ஓட்டங்கள் 574. விக்கெட்டுகளை விட ஓட்டங்கள் குறைவு! பதினோராவது இடத்துக்குக் கீழே இன்னோர் இடம் இருந்தால் அவரை அங்கேதான் இறக்கியிருப்பார்கள்.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருவோம். 1933-ஆம் ஆண்டு மேற்கிந்தியத் தீவு அணி இங்கிலாந்துக்கு வந்து மூன்று டெஸ்ட் பந்தயங்கள் ஆடியது. முதலாவது ஜூனில் லார்ட்ஸ் மைதானத்தில். இரண்டாவது ஜூலையில் மான்செஸ்டரில். இரண்டும் நடந்தபோது வாத்தியாருக்குப் பள்ளி இருந்தது. மூன்றாவது பந்தயம் லண்டன் ஓவல் மைதானத்தில், ஆகஸ்டு மாதம். விடுமுறை! அணியில் மாரியட்டின் பெயர் வந்தது. அப்போது அவருக்கு முப்பத்தெட்டு வயது நிரம்ப ஒரு மாதம்தான் குறைவு. அதே ஆண்டில் ஃப்ரீமன் 298 விக்கெட்டுகள் எடுத்திருந்தும் அவரை எடுக்கவில்லை என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அவருக்கோ வயது நாற்பத்தைந்து.

இங்கிலாந்து முதலில் ஆடி 312 ஓட்டங்கள் எடுத்தது. அதில் பேக்வெல் 107. மாரியட் எடுத்தது பூஜ்யம். பிறகு பந்தைக் கையில் வாங்கினார். மேற்கிந்தியத் தீவு அணி 100 ஓட்டங்களில் சுருண்டது. 37 ஓட்டங்கள் கொடுத்து அவர் 5 விக்கெட்டுகளை வீழ்த்தினார். ஜார்ஜ் ஹெட்லி இருந்த அணி அது என்பதை மறக்கக் கூடாது. முந்தைய பந்தயத்தில் 169 அடித்து ஆட்டமிழக்காமல் நின்றவர் அவர். மறுபடி ஆட வந்து 195 எடுத்தார்கள். இம்முறை 59 ஓட்டங்களுக்கு 6 விக்கெட்டுகள் மாரியட்டுக்கு. இங்கிலாந்து ஓர் இன்னிங்ஸும் 17 ஓட்டங்களும் மிகுதியாகப் பெற்று வென்றது. இரு இன்னிங்ஸிலும் சேர்த்து 96 ஓட்டங்களுக்கு 11 விக்கெட்டுகள்.

அதுவே அவருடைய முதல் டெஸ்ட். அதுவே கடைசி டெஸ்டும்.

வாழ்வில் ஒரே ஒரு டெஸ்ட் மட்டும் ஆடியவர்களின் பட்டியல் மிக நீண்டது. அவர்களுள் இத்தனை விக்கெட்டுகள் எடுத்தவர் வேறு எவரும் இலர்.

அந்தக் குளிர்காலத்தில் ஜார்டினின் தலைமையில் எம்.சி.சி. அணி நம் நாட்டுக்கு வந்தது. இந்திய மண்ணில் முதன்முதலாக டெஸ்ட் பந்தயங்கள் நடந்த சுற்றுப்பயணம் அதுதான். பம்பாயில் லாலா அமர்நாத் 118 அடித்தது இப்பயணத்திலே. மாரியட்டும் வந்திருந்தார். நம்மவர்களுக்கு அவரோடு உள்ள சம்பந்தம் இங்கேதான் தொடங்குகிறது. சென்னை அணிக்கு எதிரான ஆட்டத்தில் அவர் அடுத்தடுத்த மூன்று பந்துகளில் மூன்று விக்கெட்டுகளை வீழ்த்தினார். அவருடைய 711 விக்கெட்டுகளில் 'ஹாட்ரிக்' என்று சொல்லத்தக்கது சென்னை ஆட்டக்காரர்களிடமிருந்து பறித்த அந்த மூன்றுதான்.

அப்படியிருந்தும் பம்பாய், கல்கத்தா, சென்னை ஆகிய மூன்று டெஸ்ட்களில் ஒன்றிலேனும் அவரைச் சேர்க்கவில்லை. 1934 பிப்ரவரியில் சேப்பாக்கத்தில் முதல் டெஸ்ட் நடந்தபோது, இடக்கைச் சுழல் வீரர்களான வெரிட்டியும் லாங்ரிட்ஜும் ஆடினார்கள். வெரிட்டி முதல் இன்னிங்ஸில் 49 ஓட்டங்களுக்கு 7 விக்கெட்டுகள் எடுத்தார். இங்கிலாந்து 202 ஓட்டங்களில் வென்றது. வென்ற அணியின் தலைவரைக் குறை கூறுவது எளிதன்று. வெரிட்டியைப் போன்ற ஒருவர் கையில் இருக்கும்போது எவரும் அப்படித்தான் செய்திருப்பார்கள். எனினும், அதே சென்னை ஆட்டக்காரர்களை அடுத்தடுத்து மூன்று பேராக அனுப்பியவர் மைதானத்துக்கு வெளியே உட்கார்ந்திருந்தார் என்பதை நினைக்கும்போது நமக்கு ஏனோ மனம் சமாதானமடைவதில்லை.

இதே சுற்றுப்பயணத்தில் ஒரே ஒரு டெஸ்ட் ஆடிய நம்மவர் ஒருவரும் உண்டு. அவர் சென்னை எம்.ஜே. கோபாலன். கல்கத்தா டெஸ்டில் ஆடினார். ஒரு விக்கெட் எடுத்தார். சொந்த ஊரில் நடந்த அடுத்த டெஸ்டில் இடம் கிடைக்கவில்லை. பிறகு எப்போதுமே கிடைக்கவில்லை. அவரும் பர்மா ஷெல் கம்பெனியில் உத்தியோகம் பார்த்தவரே. ஹாக்கியிலும் வல்லவர். 1936-இல் பெர்லின் ஒலிம்பிக் ஹாக்கிக்குப் போவதா, கிரிக்கெட் அணியோடு இங்கிலாந்துக்குப் போவதா என்ற நிலை வந்தபோது, கிரிக்கெட்டைத் தேர்ந்தார். இங்கிலாந்தில் ஒரு டெஸ்டிலும் அவரை ஆடவிடவில்லை. பெர்லினில் நம் ஹாக்கி அணி தங்கப் பதக்கம் வென்றது. 2003 வரை வாழ்ந்த அப்பெரியவரைப் பற்றித் தனியே ஒரு கட்டுரை எழுத வேண்டும்.

1934 நவம்பரில் சேப்பாக்கத்தில் ரஞ்சிக் கோப்பையின் முதல் ஆட்டம் நடந்தது. அதில் முதல் பந்தை வீசியவரும் கோபாலன்தான். ஆனால் மைசூர் அணியை ஒரே நாளில் சுருட்டியவர் ஏ.ஜி. ராம்சிங், 35 ஓட்டங்களுக்கு 11 விக்கெட்டுகள். பஞ்சாபிலிருந்து குடிபெயர்ந்து வந்து சென்னைக்காரராகவே ஆகிவிட்ட குடும்பம் அது. நாம் தெற்கிலிருந்து இங்கே வந்ததைப் போல அவர்கள் வடக்கிலிருந்து அங்கே போனார்கள். அவருக்கு அதிகாரபூர்வமான டெஸ்ட் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. அவர் புதல்வர்களுள் கிருபால் சிங்கும் மில்கா சிங்கும் டெஸ்ட் ஆடினார்கள் என்பது ஓர் ஆறுதல்.

மாரியட்டிடம் திரும்புவோம். இந்தியாவிலிருந்து போனவர் மறுபடி பள்ளிக்கே போனார். 1934 ஆகஸ்டில் அதே ஓவல் மைதானத்தில் ஆஸ்திரேலியாவுடன் கடைசி டெஸ்ட் நடந்தது. பள்ளிக்கு விடுமுறைக் காலம்தான். சென்ற ஆண்டு அதே மைதானத்தில் பதினொரு விக்கெட்டுகள் எடுத்தவரை யாரும் அழைக்கவில்லை. பான்ஸ்ஃபோர்டு 266, பிராட்மன் 244. ஆஸ்திரேலியா 701 ஓட்டங்கள் குவித்து, முடிவில் 562 ஓட்டங்களில் வென்றது. மாரியட் இருந்திருந்தால் பிராட்மனை வீழ்த்தியிருப்பார் என்று நாம் சத்தியம் செய்யமாட்டோம். அன்றைய பிராட்மனை யாரும் வீழ்த்தியிருக்க முடியாது என்பாரும் உளர். அழைத்துப் பார்த்திருக்கலாம் என்பதே நம் கட்சி.

இந்தக் கட்சி நமக்கு ஏன் இவ்வளவு அழுத்தமாக இருக்கிறது என்று கேட்டால், ஒரு சிறு சொந்தக் கதையைச் சொல்ல வேண்டியிருக்கிறது. நாமும் ஒரு காலத்தில் லெக் பிரேக் வீசியவர்களே. மெட்ரிகுலேஷன் முடித்து உத்தியோகத்தில் சேர்ந்த மூன்றாம் ஆண்டு, வெளியூர்ப் பந்தயம் ஒன்றுக்கு நம்மைத் தேர்ந்தெடுத்தார்கள். நான்கு நாள் விடுப்பு கேட்டு மனுக் கொடுத்தோம். மார்ச் மாதக் கடைசி. கணக்கு முடிக்கும் நேரம். மனு திரும்பி வந்தது. அந்த அதிகாரி நல்ல மனிதர். அவர் இடத்தில் நாம் இருந்தாலும் மார்ச் மாதத்தில் விடுப்புக் கொடுத்திருக்க மாட்டோம். அன்று மாலை பேரேட்டின் மேல் சாய்ந்து பென்சிலை விரல்களுக்கிடையே திருகிக்கொண்டே இருந்தது மட்டும் நினைவிருக்கிறது. அடுத்த ஆண்டு நம்மைத் தேர்ந்தெடுக்கவில்லை. நம் வித்தையை மாரியட்டின் வித்தையோடு ஒப்பிடுவதாக யாரும் எண்ண வேண்டா. மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். விடுப்பு மனு மட்டும் இருவருக்கும் பொதுவானது.

நம் ரயில்வேயைப் பற்றி ஒரு வார்த்தை நியாயமாகச் சொல்ல வேண்டும். விளையாட்டு ஒதுக்கீட்டில் ஆட்டக்காரர்களை வேலைக்கு எடுத்து, சம்பளமும் கொடுத்து, ஆடவும் அனுப்பும் வழக்கம் இங்கே உண்டு. ரயில்வே அணி 2001-02-லும் 2004-05-லும் ரஞ்சிக் கோப்பையை வென்றது. எத்தனையோ ஏழை வீட்டுப் பிள்ளைகள் இந்த வழியில் கரையேறியிருக்கிறார்கள். கனவானுக்கும் கூலிக்காரருக்கும் இடையே ஆங்கிலேயர் காணத் தவறிய நடுவழி இது என்று தோன்றுகிறது. ஆனால் அந்த வாயிலில் நுழையவும் முதலில் ஜில்லா அணி, பிறகு மாநில அணி என்று ஏறியாக வேண்டும். நண்பரின் கவலையும் அங்கேதான் இருக்கிறது.

மாரியட் 1937 வரை கென்ட் அணிக்கு ஆடினார். 1966 அக்டோபர் 13-ஆம் தேதி காலமானார். தம் வித்தையைப் பற்றி அவர் எழுதிவைத்திருந்த 'தி கம்ப்ளீட் லெக்-பிரேக் பௌலர்' என்னும் நூல் அவர் மறைவுக்குப் பின் 1968-இல் வெளிவந்தது. ஒரு டெஸ்ட் ஆடியவரின் நூல்தானே என்று அலட்சியப்படுத்துவாரும் இருக்கலாம். பாடம் சொல்லிக் கொடுப்பதைத் தொழிலாகக் கொண்டவர் எழுதியது அது.

இவ்வளவையும் அன்று மாலை கேட்டு முடித்த நண்பர், சற்று நேரம் யோசித்துவிட்டு, "அப்போது வாத்தியார் வேலையை அவர் விடவே இல்லை, அப்படித்தானே?" என்றார்.

"விடவில்லை."

"பார்த்தாயா?" என்று பையனிடம் திரும்பினார்.

பையனோ நம்மைப் பார்த்து, "அந்த டாப் ஸ்பின்னுக்கு மணிக்கட்டு எந்தப் பக்கம் இருக்க வேண்டும் மாமா?" என்றான்.

மேசைமேல் சங்கத்துக் காரியதரிசி வைத்துவிட்டுப் போயிருந்த ஆரஞ்சுப் பழம் ஒன்று இருந்தது. அதை எடுத்து விரல்களை வைக்கும் விதத்தைக் காட்டினோம். பத்தாண்டுகளுக்கு மேலாகியும் கை மறக்கவில்லை. நண்பர் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு, முன்தேர்வின் தேதிகளை மாற்ற முடியாது. முகாமில் முதல் வாரம் மட்டும் வராமலிருக்க அனுமதிப்பார்களா என்று கேட்டு ஒரு கடிதம் எழுதலாமா என்று நம்மிடம் கேட்டார். ஆங்கிலத்தில் எழுதித் தரும்படியும் சொன்னார். அங்கேயே ஒரு தாளை வாங்கி எழுதிக் கொடுத்தோம். விடுப்பு மனுக்கள் எழுதிப் பழகிய கை அல்லவா. கடிதம் நன்றாகவே அமைந்தது.

பதில் இன்னும் வரவில்லை.